புதுச்சேரிக் குடும்பம் ஒன்று அருகிலுள்ள சிறு விவசாயிக்கு எந்த வகையில் துணை நிற்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் லாசுப்பேட்டையில் வசிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பம். அரிசி, எண்ணெய், காய்கறியை இனிப் பாகூர், கடலூர்ப் பக்கத்துச் சிறு விவசாயிகளிடமே வாங்க நினைக்கிறீர்கள். அதற்காக மாதம் 3,000 ரூபாய் வரை கூடுதலாகச் செலவழிக்கவும் தயாராக இருக்கிறீர்கள். இதனால் வருங்காலத்தில் இந்தப் பகுதியின் உணவுப் பாதுகாப்புக்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது வசதி உள்ளவர்களின் மனத்திருப்தியோடு முடிந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் மாடித் தோட்டம் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: நம் பகுதி தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ள முடியுமா என்பது ஒன்று, நீங்கள் கொடுக்கும் பணம் ஒரு சிறு விவசாயியை நிலத்தில் நிலைக்க வைக்குமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை வேறு வேறு. நான் கடலூர் மாவட்டத்தில் வேளாண் விரிவாக்கப் பணியில் என் வேலைக்காலத்தைக் கழித்தவன். ஓய்வுக்குப் பிறகு விவசாயிகள் குழு ஒன்றின் கொள்முதல், விற்பனைக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டால் போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி காரைக்கால், மாகே, ஏனாம் நீங்கலாகப் புதுச்சேரிப் பகுதியில் மட்டும் சுமார் 9.5 லட்சம் பேர். ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கிலோ அரிசி என்று வைத்தால் 95,000 டன் அரிசி வேண்டும். நெல்லை அரைத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகத் தேறும் என்பதால், நெல்லாக 1,45,000 டன். ஹெக்டேருக்கு 5 டன் என்ற நல்ல விளைச்சல் கிடைத்தாலும் 29,000 ஹெக்டேரில் ஒரு போகம் நெல் நிற்க வேண்டும். புதுச்சேரிப் பகுதியின் மொத்தப் பரப்பே சுமார் 294 சதுர கிலோமீட்டர், அதாவது 29,400 ஹெக்டேர். தெரு, வீடு, ஏரி, தொழிற்சாலை எல்லாவற்றையும் சேர்த்த பரப்பு அது. ஆகவே இந்தப் பகுதியின் எல்லைக்குள் விளைந்ததை மட்டும் உண்பேன் என்று யாராவது சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி கிடப்பார் என்றுதான் பொருள்.

எனவே உள்ளூர் உணவு என்று பேசும்போது கடலூர், விழுப்புரம் மாவட்டங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்படி எண்ணும்போது படம் மாறுகிறது. பாகூரிலும் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்திலும் நெல். அதே வயலில் சம்பாவுக்குப் பின் உளுந்து, பச்சைப்பயறு. விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. திட்டக்குடி, கடலூர் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் மானாவாரிப் பயிர்கள். பண்ருட்டியில் பலாவும் முந்திரியும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன். ஒரு வீட்டின் சமையலில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும். துவரம்பருப்பு, உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், கோதுமை ஆகியவை வெளியிலிருந்துதான் வரும். வரட்டும், அதில் தவறில்லை. ஓரிடத்தில் புயல் அடித்தால் இன்னோரிடத்திலிருந்து உணவு வரும் வழி திறந்திருப்பதும் உணவுப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், அடுத்த இரண்டு மூன்று நாட்களில் சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கத்து ஊர்களை மூழ்கடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரத்தில் நம் பகுதிக்கு அரிசியும் காய்கறியும் வெளியூரிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

அடுத்ததாக ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். சிறு விவசாயி, உள்ளூர் விளைச்சல், இயற்கை விவசாயம், பாரம்பரிய ரகம் என்ற நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். நான்கும் நான்கு தனிப் பொருள்கள். பாகூரில் ஒன்றரை ஏக்கரில் யூரியா போட்டு வெள்ளைப்பொன்னி விளைவிப்பவரும் சிறு விவசாயிதான். வேறு மாநிலத்தில் பெரும் பண்ணையில் விளைந்து சான்றிதழ் ஒட்டி வரும் அரிசியும் இயற்கை அரிசிதான். உங்கள் நோக்கம் எது என்று தீர்மானித்துக்கொள்ளாமல் பணத்தைச் செலவழித்தால், அது பெரும்பாலும் நல்ல பொட்டலம் போடத் தெரிந்த வியாபாரியிடம் போய்ச் சேரும். உலகின் உணவில் 70, 80 விழுக்காட்டைச் சிறு விவசாயிகளே விளைவிக்கிறார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவதை நீங்களும் கேள்வியில் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். அந்த எண் எல்லா அளவிலான குடும்பப் பண்ணைகளையும் சேர்த்தது. 2 ஹெக்டேருக்குக் குறைந்த நிலங்களை மட்டும் எடுத்தால், அண்மைய ஆய்வுகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்கின்றன. அதுவும் சிறிய பங்கில்லை. தமிழ்நாட்டின் நிலைமையோ வேறு. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு கைப்பற்றின் (ஒருவர் சாகுபடி செய்யும் நிலத்தின்) சராசரி 0.75 ஹெக்டேர், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை 2 ஹெக்டேருக்கு உட்பட்டவை. நம் ஊரில் சிறு விவசாயி நிலத்தை விட்டுப் போனால் விவசாயமே போனதாகத்தான் கொள்ள வேண்டும்.

அவர் ஏன் விட்டுப் போகிறார்? விளைச்சல் போதாமல் போகிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை அதைவிடப் பெரிய காரணம், பணம் வரும் நாளும் பணம் தேவைப்படும் நாளும் பொருந்தாததுதான். சம்பாவுக்கு ஆவணி, புரட்டாசியில் உழவு, நடவு, உரம் எனக் கையிலிருப்பதெல்லாம் செலவாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசியில்தான் அறுவடை. இடைப்பட்ட மாதங்களைக் கடனில்தான் ஓட்ட வேண்டும். அறுத்த அன்றே கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், கிடைத்த விலைக்கு விற்றுவிடுவார். நெல்லுக்காவது அரசின் நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. 2025–26 பருவத்தில் தமிழ்நாட்டில் ஊக்கத்தொகையோடு சன்னரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், சாதாரண ரகத்துக்கு 2,500 ரூபாய். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் சிக்கல், மழையில் நெல் நனையும் சிக்கல் என்று ஆயிரம் குறைகள் இருந்தாலும், நெல் விவசாயியின் முதுகெலும்பு அந்த நிலையங்கள்தான். கத்தரிக்காய்க்கும் வெண்டைக்கும் பலாவுக்கும் அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. ஒரே வாரத்தில் எல்லாத் தோட்டமும் காய்த்தால் மண்டியில் விலை விழும். கமிஷனும் ஏற்றுக்கூலியும் போகக் கையில் நிற்பது பறிப்புக் கூலிக்குக்கூடக் காணாது. காயைச் செடியிலேயே விட்டு மாட்டை மேயவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கவே பொறுக்காது.

ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் விடை இதுதான்: நீங்கள் எவ்வளவு அதிக விலை கொடுக்கிறீர்கள் என்பதைவிட, எவ்வளவு நிச்சயமாக வாங்குகிறீர்கள் என்பதே அந்த விவசாயிக்கு உதவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இயற்கை அங்காடிக்குப் போய்க் கருப்புக் கவுனி அரிசி இரண்டு கிலோ வாங்கிவரும் பத்துப் பேரால் அவருக்குப் பெரிய பயன் இல்லை. விதைப்புக்கு முன்பே, இந்த அளவு, இந்த விலை, இந்த மாதங்களில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி எடுப்பவர் ஒருவர் இருந்தால் அவருடைய திட்டமே மாறும். என்ன பயிர் வைப்பது, எவ்வளவு கடன் வாங்குவது என்பதை அவர் துணிந்து தீர்மானிப்பார்.

தனிக் குடும்பமாக இதைச் செய்வது கடினம். முப்பது குடும்பங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 7,200 கிலோ. நெல்லாகப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு டன். நவீன ரகம் ஏக்கருக்கு 2 டன் என்று வைத்தால் ஆறு ஏக்கர். உயரமாக வளர்ந்து குறைவாக விளையும் பழைய ரகங்கள் என்றால் ஒன்பது, பத்து ஏக்கர். அதாவது நான்கைந்து சிறு விவசாயிகளின் ஒரு போக விளைச்சல் முழுவதும். காய்கறியில், குடும்பத்துக்கு வாரம் 4 கிலோ என்றாலும் ஆண்டுக்கு ஆறு டன்னைத் தாண்டும். அது ஒரு ஏக்கர்க் கலப்புத் தோட்டத்துக்குச் சரியாக இருக்கும். ஓர் அடுக்ககத்துக் குடும்பங்கள் மனம் வைத்தால் ஐந்தாறு உழவர் குடும்பங்களுக்கு விலை பற்றிய கவலை நீங்கும். ஒரு வட்டாரத்தில் அப்படி நூறு குழுக்கள் எழுந்தால்தான் சந்தையே அசையும். அது நடக்குமா என்பதை என்னால் சொல்ல முடியாது. முதல் ஐந்து குடும்பங்களுக்கு நடக்கும் நன்மையில் எனக்கு ஐயமில்லை.

விலையையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். சன்னரகம் ஏக்கருக்கு 2 டன் எடுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் 50,900 ரூபாய் வரும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய ரகத்தில் 1.2 டன் நெல் கிடைக்கிறது என்று வையுங்கள். 740 கிலோ அரிசி தேறும். கிலோ 85 ரூபாய்க்கு நேராக விற்றால் சுமார் 62,900. அரவைக்கூலி, சாக்கு, வண்டி வாடகை, கழிவு என்று கிலோவுக்கு 10 ரூபாய் ஒதுக்கினால் 55,500. உரச்செலவு குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும்; ஆனால் 160 நாள் நிற்கும் பயிர், சாயும் அபாயம், ஒரே நாளில் வராமல் மாதம் மாதமாக வரும் பணம் ஆகியவற்றை எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டும். இது எடுத்துக்காட்டுக் கணக்குத்தான். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனாலும் பழைய ரகத்தைக் கிலோ 55 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர் விவசாயிக்குத் துணை நிற்கவில்லை என்பதும், 140 ரூபாய்க்கு விற்கும் கடையில் வாங்குகிறவரின் பணம் முழுதும் விவசாயிக்குப் போவதில்லை என்பதும் இதிலிருந்து தெரியும்.

நேரடி அரிசி வாங்கும் முயற்சிகள் பெரும்பாலும் வயலில் தோற்பதில்லை. அரவையிலும் சேமிப்பிலும்தான் தோற்கின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நவீன ஆலைகள் சில டன்களுக்குக் குறைந்த அளவை எடுப்பதில்லை. எடுத்தாலும் முந்தைய நெல்லோடு கலந்துவிடும். சிறிய அரவை ஆலைகள் ஊருக்கு ஊர் மூடப்பட்டு வருகின்றன. பட்டை தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சில வாரங்களிலேயே சிக்கு வாடை தட்டும். வண்டும் அந்தும் சீக்கிரம் பிடிக்கும். ஆறு மாத அரிசியை ஒன்றாக அரைத்து வீடுகளில் இறக்கினால், மூன்றாம் மாதம் பாதிப் பேர் புழு என்று திருப்பி அனுப்புவார்கள். நெல்லாகவே காயவைத்துச் சேமித்து, மாதத்துக்கு ஒருமுறை தேவையான அளவை மட்டும் அரைப்பதே சரியான வழி. நெல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். வேப்பிலை, நொச்சியிலை போட்டு வைக்கும் வழக்கம் ஓரளவு உதவும். ஈரமான நெல்லை அது காப்பாற்றாது. ஆகவே உங்கள் குழு விவசாயிக்குச் செய்யக்கூடிய நல்ல உதவிகளில் ஒன்று, நெல்லைச் சேமிக்க ஒழுகாத ஓர் அறைக்கு வாடகை கொடுப்பது. கேட்கச் சின்னதாகத் தோன்றும். அறுவடை வாரத்தில் விற்கும் கட்டாயத்திலிருந்து அவரை விடுவிப்பது அந்த அறைதான்.

அரிசியோடு உளுந்தையும் அவரிடமே கேளுங்கள். டெல்டாவின் கடைமடையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுவார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடும். தனியாக நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. நெல்லுக்குச் செய்த செலவை உளுந்து மீட்டுத்தரும் என்று அந்தப் பக்கத்தில் நம்பி இருந்தார்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதன் சக்கரத்தில் முளை நசுங்கிப் பல இடங்களில் இந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது. ஆளை வைத்து அறுத்தால் கூலி கட்டுப்படியாவதில்லை. உங்கள் வீட்டு இட்லிக்கான உளுந்தை நல்ல விலைக்கு வாங்க ஆளிருந்தால், வயலின் ஒரு பகுதியையாவது கையால் அறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கும். மண்ணுக்கும் பயறு நல்லது.

காய்கறியில் உங்கள் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டிய மாதங்கள் ஐப்பசி முதல் மார்கழி வரை. வடகிழக்குப் பருவமழையில் நம் கடற்கரைத் தோட்டங்களில் கத்தரியும் தக்காளியும் அழுகும். அப்போது கிடைப்பது மரவள்ளி, வாழைத்தண்டு, வாழைப்பூ, சேனை, முருங்கைக்கீரை போன்றவை. அதை வாங்கிச் சமைக்கத் தெரிந்த வீடுதான் உள்ளூர் விவசாயிக்கு ஏற்ற வீடு. ஆண்டு முழுவதும் கேரட்டும் பீன்ஸும் வேண்டும் என்றால் மலைக்காய்க்குத்தான் போக வேண்டும். புயலைப் பற்றியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போட்டவர் அடுத்த போகத்தில் எழுந்துவிட்டார். மரம் போனவர் மீண்டும் காய்ப்புக் காணப் பல ஆண்டுகள் காத்திருந்தார். ஆகவே மரம், நெல், பயறு, காய், மாடு என்று பலவற்றை வைத்திருக்கும் சிறு நிலம், ஒரே பயிர் நிற்கும் பெரிய நிலத்தைவிடப் புயலைத் தாங்கும் என்பது என் உறுதியான கருத்து. விதைப்புக்கு முன்பே நீங்கள் முன்பணம் கொடுத்த ஆண்டில் புயல் அடித்தால் என்ன செய்வது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இழப்பைப் பாதிப் பாதியாக ஏற்பது நியாயமான முறை. அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

இயற்கை விவசாயம் பற்றிக் கேட்டால் என் விடை கலவையானது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து மண்ணின் நலத்தைப் பேசியதும், நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டதும் இந்த நாட்டுக்குக் கிடைத்த பெரும் கொடை. கடலோர உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குக் காட்டுயானம், குறைந்த நாளுக்குப் பூங்கார் என்று இடமறிந்து வைத்த ரகங்கள் அவை. நம் கையில் இருக்கும் காப்புறுதி என்றே அவற்றை மதிக்கிறேன். தொழுஉரமும் பசுந்தாளுரமும் மண்ணை மேம்படுத்தும் என்பதும் உறுதி. ஆனால் எல்லா நிலத்தையும் ஒரே பருவத்தில் ரசாயனம் இல்லாமல் மாற்றினால் விளைச்சல் குறையாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இலங்கை 2021 ஏப்ரலில் ரசாயன உரத்துக்குத் தடை அறிவித்து, விளைச்சல் சரியும் நிலையைக் கண்டு நவம்பரில் பின்வாங்கியது. மாற்றம் மெதுவாக, ஓர் ஏக்கரில் கால் ஏக்கராகத் தொடங்கி நடக்கட்டும். நீங்கள் வாங்கும் விவசாயியிடம் முதலில் கேட்க வேண்டியது யூரியாவைப் பற்றியன்று. கத்தரிக்காய்க்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பற்றி. தண்டு, காய்த் துளைப்பான் புழுவுக்குப் பயந்து பறிப்புக்கு ஓரிரு நாள் முன்புவரை மருந்து தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தெளிப்புக்கும் பறிப்புக்கும் உரிய இடைவெளி விடுவதாக அவர் ஒத்துக்கொண்டால், அவர் உடலுக்கும் உங்கள் பிள்ளைகளின் உடலுக்கும் அன்றே நன்மை தொடங்கும். பூச்சி குடைந்த காயையும் பாதி விலைக்கு நீங்கள் எடுத்துக்கொண்டால் அவருக்கு ஒத்துக்கொள்வது எளிது.

பாரம்பரிய அரிசி சர்க்கரை நோயைத் தீர்க்கும், புற்றுநோயைத் தடுக்கும் என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம். தீட்டாத அரிசியில் நாரும் சில சத்துகளும் கூடுதலாக இருக்கின்றன. அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம். நான் மருத்துவன் இல்லை. சர்க்கரை உள்ளவர் எந்த அரிசியானாலும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுபோலவே, பக்கத்தில் விளைந்ததை உண்டால் புவி வெப்பமாவது பெருமளவு குறையும் என்பதும் மிகைதான். உணவு தொடர்பான வாயு வெளியேற்றத்தில் பெரும்பகுதி விளைவிக்கும் இடத்திலேயே நிகழ்கிறது. போக்குவரத்தின் பங்கு அதைவிடக் குறைவு என்பதில் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன.

வாங்கும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: நிலம் சொந்தமா, குத்தகையா? நம் பகுதியில் நிலத்தில் இறங்கி வேலை செய்பவர்களில் பலர் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் உரிமையாளர் பெயரில் இருப்பதால், புயல் நிவாரணமும் பயிர்க் காப்பீடும் கூட்டுறவுக் கடனும் அவர்களுக்குக் கிடைப்பது அரிது. அவர்களுக்குத்தான் உங்கள் முன்பணம் எல்லாரையும்விட அதிகம் பயன்படும். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். நீங்கள் பேசும் விலையில் அவர்களின் கூலியும் அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

இதெல்லாம் சந்தை சார்ந்த உதவி. உணவுப் பாதுகாப்பு என்று நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி சந்தைக்கு வெளியே இருக்கிறது. 2015 செப்டம்பரிலிருந்து புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. 2024 அக்டோபரில்தான் ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன. அந்த இடைவெளியில் கடையில் விலை ஏறும்போதெல்லாம் கூலிக் குடும்பங்கள் பட்ட பாட்டை உங்கள் வீட்டு வேலைக்கு வருபவரிடம் கேட்டால் சொல்வார். ஏழையின் தட்டில் அரிசி விழுவதை நீங்களும் நானும் வாங்கும் மாப்பிள்ளைச் சம்பா உறுதி செய்யாது. ரேஷன் கடைதான் செய்யும். அடுத்தது தண்ணீர். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் வருகிறது. அந்த வாய்க்கால் தூர்ந்தால் பாகூர் நெல்லும் இல்லை, நிலத்தடி நீரும் இல்லை. கடலோரத்தில் உவர்நீர் உள்ளே ஏறிவரும். காட்டுமன்னார்கோவில் பக்கம் சுமார் 44,856 ஏக்கருக்குப் பாசனம் தரும் வீராணம் ஏரிதான் சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் புதுச்சேரிப் பகுதியின் ஏரிகளைச் சீரமைத்து, பயன்படுத்துவோர் சங்கங்களையும் அமைத்தார்கள். அந்தச் சங்கங்களை உயிரோடு வைத்திருப்பது நகரத்தாரின் அக்கறையையும் பொறுத்தது. பிறகு நிலம். கடலூர் சாலையின் இருபுறமும் நன்செய் மனைப்பிரிவாக மாறுவதை நீங்கள் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட, நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் ஏறின. நிலமும் நீரும் போன பிறகு வாங்க விரும்பும் குடும்பங்கள் எத்தனை இருந்தாலும் பயனில்லை. ஆகவே உங்கள் குழு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏரி, வாய்க்கால் தொடர்பான கூட்டத்தில் போய் உட்காருவதை, அரிசி வாங்குவதற்குச் சமமான கடமையாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் 3,000 ரூபாய். இரண்டாயிரத்தை அரிசி, உளுந்து, மல்லாட்டை எண்ணெய், காய்கறி ஆகியவற்றுக்கு ஆகும் கூடுதல் விலைக்கு வையுங்கள். மீதி ஆயிரத்தை மாதாமாதம் சேர்த்தால் ஆண்டுக்கு 12,000. அதை ஆடியில், நாற்றங்கால் போடுவதற்கு முன், முன்பணமாகக் கொடுங்கள். பத்துக் குடும்பங்கள் இப்படிச் செய்தால் 1,20,000 ரூபாய்; மூன்று நான்கு ஏக்கரின் சாகுபடிச் செலவில் பெரும்பகுதி வட்டியில்லாமல் முடிந்துவிடும். ரசீது போடுங்கள், எடையை இருவரும் பாருங்கள், பொருள் வந்த அன்றே மீதியைக் கொடுங்கள். இடையில் வெளியூர் போனாலும் உங்கள் பங்கை வேறு யாராவது எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். நின்றுபோகும் குழுக்களில் பல, மே மாத விடுமுறையில்தான் நிற்கின்றன.

யாரிடம் தொடங்குவது என்றால், உழவர் சந்தையில் தொடங்கலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் ஆகிய ஊர்களிலும் சந்தைகள் இருக்கின்றன. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் அங்கே உட்காருவார்கள். மொத்த விலையைவிடச் சற்று உயர்த்தியும் சில்லறை விலையைவிடக் குறைத்தும் விலை நிர்ணயிக்கப்படும். விடியற்காலையில் போய், கூட்டம் குறைந்த பிறகு பேசிப் பாருங்கள். ரகம், விதை பற்றிய ஐயங்களுக்குக் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம், காய்கறிக்குப் பாலூர் ஆராய்ச்சி நிலையம், மல்லாட்டைக்கும் முந்திரிக்கும் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றில் கேட்டால் சொல்வார்கள்.

மாடித் தோட்டம் தாராளமாகப் போடுங்கள். கீரை, புதினா, பச்சைமிளகாய், ஒரு முருங்கைப் போத்து இவை போதும். வீட்டுச் செலவில் பெரிய மாற்றம் வராது. ஆனால் கத்தரிச் செடியில் துளைப்பான் விழுவதை உங்கள் பிள்ளைகள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், விவசாயி கொண்டுவரும் பூச்சி குடைந்த காயை அவர்கள் ஒதுக்க மாட்டார்கள். பூச்சிமருந்து பற்றி மேலே சொன்ன ஏற்பாட்டை உங்கள் வீட்டில் நடைமுறைப்படுத்த அது உதவும்.